நாலரை அடிக்கு மேல்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் மார்ச் மாதமே வந்துவிட்டது. மேசை இழுப்பறையில் கரண்ட் பில்களுக்கு மேலே இருக்கிறது. பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எடுத்துப் படிப்பேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். திரும்ப வைத்துவிடுவேன். காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருடமாக அடுத்தவர் மனுக்களில் ஓட்டை தேடுவதே பிழைப்பாக இருப்பவளுக்கு உங்கள் பத்திரத்தில் ஒரு ஓட்டைகூடக் கிடைக்கவில்லை. ‘இருவரும் மனமொத்து’ என்று போட்டிருக்கிறீர்கள். நாம் மனமொத்துச் செய்யும் முதல் காரியம் இதுதான் போலிருக்கிறது.

நான்கு வருடம் முன்பு எனக்கு மாற்றல் வந்தபோது, “ஒரு வருஷம்தானே, போயிட்டு வா” என்றீர்கள். நானும் ஒரு வருடத்துக்கான துணிமணியைத்தான் எடுத்து வந்தேன். அப்புறம் நீங்களும் வா என்று சொல்லவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்காவது கேட்பவர்களிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கும்.

கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டிசம்பர் வரை பொறுக்க முடியுமா?

சிரிக்காதீர்கள். நான் படிக்கிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய முதுகலைப் படிப்பு. முழுக்க இணையத்தில். விடியற்காலையில் வகுப்பு; அப்போது எங்கள் பேராசிரியையின் சன்னலில் சாயங்கால வெயில் தெரியும். சுண்ணாம்புக் காரை எப்படி உதிரும், மரத்தில் ஈரம் எப்படி ஏறும் என்றெல்லாம் திரையில் பார்த்தே தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். இதுவரை ஒரு பழைய சுவரையும் தொட்டதில்லை. “அம்பதை நெருங்குற வயசுல நம்மளை நாமே பாதுகாக்கறது பெரும்பாடா இருக்கு, இதுல கட்டடம் வேறயா?” என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை.

கடைசிப் பருவத்தில் ஒரு கட்டடத்தை முழுதாக அளந்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும், அல்லது நாமே உரிமையாளராக இருக்க வேண்டும். எனக்கு உலகத்தில் சொந்தமாக இருப்பது ஒரு கட்டடத்தில் பாதி. உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மூன்றாம் பத்தியின்படி அந்தப் பாதியும் போய்விடுகிறது.

நம் வீடு வீடாவதற்கு முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக இருந்தது என்று வகுப்பில் சொன்னேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அதற்குள் வாழ்வது எப்படி இருக்கும்?” என்று கேட்டார். டிரைவிங் ஸ்கூல் கார்களை நிறுத்த முற்றம் பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் பிடித்த வீடு அது. கூடம் முழுக்கத் தரையில் போல்ட் துளைகள் என்று தினமும் முணுமுணுத்தபடி பதினாறு வருடம் பெருக்கினேன். வேறு என்ன சொல்ல?

அலுவலகத்தில் தணிக்கை முடியும்வரை எனக்கு விடுப்பு கிடையாது. நீங்கள் அளந்து அனுப்ப முடியுமா? கைபேசியில் வீடியோவாக ஒரு சுற்றுக் காட்டினாலும் போதும்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே நம் இருவர் குரலும் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 20

அன்புள்ள சந்தேகத்துக்கு,

பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு டிசம்பர் வரை உரிமை இருக்கிறது அல்லவா?

உன் கடிதத்தைக் கேப்டன்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நீ போன பிறகு நம் ஸ்கூலில் சேர்ந்தவள். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவள். பேசினாலே உத்தரவு போடுவது மாதிரி இருக்கும், அதனால் கேப்டன். உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பழைய கணக்கு நோட்டுல இருக்கற அம்மா எழுத்து மாதிரி இருக்கு சார். உள்ள வெடிகுண்டு கிண்டு இருக்கப் போவுது, தள்ளி வெச்சுப் பிரிங்க” என்றாள். தள்ளி வைத்துத்தான் பிரித்தேன்.

படிப்பா! லைசென்ஸ் வாங்குவதற்கு நாலு தடவை தேர்வுக்குப் போனவள் நீ. அதுவும் சொந்தப் புருஷன் வாத்தியாராக இருந்து. “உங்க பக்கம் இருக்கற அந்த ரெண்டாவது பிரேக்கிலேர்ந்து காலை எடுங்க, கொஞ்சமாவது என்னை நம்புங்க” என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து பஞ்சாயத்துப் பண்ணினான்.

டிசம்பர் வரை தாராளமாக எடுத்துக்கொள். நான் ஒன்றும் மறுபடி மாப்பிள்ளை ஆக அவசரப்படவில்லை.

அளந்து அனுப்புகிறேன். இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் நேரம் கொஞ்சம் கூடுதல்தான். கிளாஸ் எல்லாம் கேப்டன் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் இரண்டு நிபந்தனை. வீடியோ கிடையாது, போன் கீழே விழுந்து அதன் கண் போய்விட்டது. நீ கிளம்பி வருவதும் கூடாது. வந்தால் வீட்டைப் பார்க்க மாட்டாய், தூசியைத்தான் பார்ப்பாய்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது? அரண்மனையா? ஊரே ஹலோ ஹலோ என்று தொண்டை கிழியக் கத்திய இடம். கடைசியில் நாமும் அதைத்தானே செய்தோம்.

உன்
(டிசம்பர் வரை) டிரைவர்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன். நன்றி.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். எல்லா அறையும் நேராக இருப்பதாகத்தான் உள்ளே குடியிருப்பவர்களுக்குத் தோன்றும். குறுக்கே அளந்தால்தான் கோணல் தெரியும். கதவுகளின் அகலம், சன்னலின் அடி விளிம்பு எவ்வளவு உயரம், மேல் விளிம்பு எவ்வளவு உயரம், கூரை உயரம், எல்லாம் வேண்டும். மாடியில் ஆபரேட்டர் பெண்கள் ஓய்வெடுத்த அறை, அதாவது நம் படுக்கையறை, அதுவும்.

பென்சிலால் மட்டும் குறியுங்கள். பழைய பொருளுக்குப் பக்கத்தில் மையைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் அதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரிச் செய்ய வேண்டும் என்பது அடுத்த பாடம். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. “எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமா? ஆணி அடித்த துளை இருக்காதா?” என்று கேட்டேன். “இருக்கும். அந்தத் துளையையும் குறித்துக்கொள்” என்றார் பேராசிரியை. சமாளிப்பா ஞானமா என்று இன்றுவரை தெரியவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியம் கூடத்துத் தரையில் ஓடும் டெலிபோன் கம்பிப் பள்ளம். மரப்பலகை மூடி போட்டு, வாசலிலிருந்து பேட்டரி அறை வரை போகுமே, நான் பலகை தடுக்கி விழுந்து சுண்டுவிரலைப் பெயர்த்துக்கொண்டேனே, அதேதான். அந்தக் காலத்துப் பள்ளம் பலகையோடு அப்படியே இருப்பது அபூர்வமாம். வகுப்பே அதைப் பார்க்கக் காத்திருக்கிறது. தடுக்கி விழுந்ததற்கு இப்போது ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது.

ஒரு குழப்பத்தையும் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது முக்கியமாக இருந்த காலம் என்று ஒன்று உண்டாம். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று அறிக்கையில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிற்சேர்க்கை, தேவைப்பட்டால் நீக்கலாம். நம் கட்டடத்துக்கு எக்ஸ்சேஞ்ச் மூடப்பட்ட வருடத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் வந்த சமையல் மேடை, மாடிப்படிக் கைப்பிடி, நீங்கள் வாசலில் மாட்டிய பச்சை விளக்கு எல்லாம் நீக்கத்தக்கவை. நாம் குடியிருந்த காலம் பிற்சேர்க்கை என்று ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். ஏன் அழித்தேன் என்று தெரியவில்லை. பென்சிலாக இருந்தது வசதியாகப் போயிற்று.

இப்படிக்கு,
நான்


ஜூலை 25

அன்புள்ள சந்தேகத்துக்கு,

தாள்கள் இத்துடன். பென்சில்தான். மூக்கு மழுங்க மழுங்கச் சீவி எழுதினேன்.

நீ சொன்னது சரி. கூடம் கோணல்தான். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் ஒரு அளவு, இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று. இத்தனை வருஷம் கோணல் நம்மிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேப்பின் நுனியைக் கார் ஜாக்கியின் அடியில் கொடுத்து அழுத்திவிட்டு நானே தனியாக அளந்தேன். “குடுங்க சார், ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்” என்று கேப்டன் வந்தாள். “இது குடும்ப விஷயம், நீ போய் கிளட்ச் சொல்லிக் குடு” என்று விரட்டிவிட்டேன்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். பேட்டரி அறைத் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஆசிட் வழிந்தால் மூலைக்கு ஓடட்டும் என்று போட்டிருப்பார்கள். கவனிக்காமல் இருந்தால் அந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பதினாறு வருஷம் அதில் அரிசி மூட்டை வைத்து எடுத்தோம், நமக்குத் தெரியவேயில்லையே!

மாடியை அளக்கவில்லை. அது இருந்தபடியேதான் இருக்கிறது. உனக்குத் தெரியாத மாடியா?

பள்ளம் விஷயத்தில் ஒரு சின்ன மாறுதல். தாளிலேயே குறித்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கத்தாதே. கத்தினாலும் கடிதத்தில்தானே.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. விடியற்காலையில் எழுந்து படித்தால் பித்தம் ஏறும்.

உன்
டிரைவர்


ஆகஸ்ட் 6

அன்புள்ள உங்களுக்கு,

தாள்கள் கிடைத்தன.

கம்பிப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை ‘சிமெண்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் சின்ன மாறுதலா? வகுப்பில் திரையில் காட்டினேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். எங்களுடன் படிக்கும் ஒரு ஓய்வுபெற்ற என்ஜினியர், எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பவர், “பாதி வீடு உங்களுடையது என்கிறீர்களே, சிமெண்ட் போடும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்றார். மைக்கை அணைத்துவிட்டேன்.

யார் உங்களைச் சிமெண்ட் போடச் சொன்னது? அத்தனை வருடம் நான் தடுக்கி விழுந்தபோது தோன்றாத யோசனை இப்போது எப்படித் தோன்றியது?

மற்றவற்றையும் கேட்டுவிடுகிறேன். கூடம் ஏழடி குறைகிறது. நடுவில் ஒரு தடுப்பு. அதற்கு அந்தப்புறம் ‘கேப்டன் பக்கம்’ என்று உங்கள் கையெழுத்து. கீழே எல்லாக் கதவும் மூன்றேகால் அடி அகலம். நம் கதவுகள் இரண்டரை அடி. நுழையாமல் பீரோவின் காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோனதை நான் மறக்கவில்லை. பேட்டரி அறை குளியலறை ஆகியிருக்கிறது. சன்னல்களுக்கு அடி விளிம்பு இருக்கிறது, மேல் விளிம்பு இல்லை. கூரை உயரம் எங்குமே இல்லை. அரைகுறை வேலை. அது உங்கள் பழக்கம், போகட்டும்.

ஆனால் மாடி எங்கே?

என் தொழிலில் ஒன்று தெரியும். ஒரு வீட்டைக் காட்டுகிறவர் ஒரு கதவை மட்டும் திறக்காமல் தாண்டிப் போனால், அங்கேதான் விஷயம் இருக்கும். வீடியோ கூடாது, வரவும் கூடாது. கீழே புதுக் கதவு, புதுக் குளியலறை. மாடி மட்டும் ‘இருந்தபடியே’.

மாடியில் யார் இருக்கிறார்கள்? கேட்க எனக்கு உரிமை இல்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம். மார்ச்சில் அந்தப் பத்திரம் ஏன் வந்தது என்று யோசித்து யோசித்து அலுத்திருந்தேன். இப்போது ஓரளவு தெளிவாகிறது. மறைத்திருக்க வேண்டாம், நான் ஒன்றும் வந்து ஆர்ப்பாட்டம் செய்திருக்க மாட்டேன்.

கேப்டனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 18

சந்தேகத்துக்கு,

மாடியில் யாரும் இல்லை. நீ விட்டுப்போன துணிப்பெட்டி இருக்கிறது. எலி கடிக்காமல் இருந்தால் துணியும் இருக்கும்.

உன் வாழ்த்தைக் கேப்டனிடம் சொன்னேன். “எதுக்கு சார் வாழ்த்து?” என்றாள். விளக்கினேன். தடுப்புக்கு அந்தப்புறம் இப்போது ஸ்கூல் ஆபீஸ். பேரன் பிறந்தாகிவிட்ட பெண்மணி அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, “என்னை வெச்சு அந்தம்மா அப்படி நெனைக்கிற அளவுக்கு நீங்க என்னத்த எழுதுனீங்க?” என்று கோபித்துக்கொண்டு, சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கிளாஸ் நடக்கவில்லை.

சிமெண்ட் போட்டதற்குக் காரணம் உண்டு. எழுத இஷ்டமில்லை.

டிசம்பர் வரை இழுக்க வேண்டாம். வீட்டு உரிமையாளன் என்ற முறையில் சம்மதக் கடிதம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூன் மாதமே கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பேன். நீ ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை. இனி உன் படிப்புக்கு அந்தப் பாதி வீடு தேவையில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
டிரைவர்


ஆகஸ்ட் 30

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பேனாவையும் திறந்தேன். நீங்கள் கேட்டது சரி. சம்மதக் கடிதம் கேட்டால் கொடுத்திருப்பீர்கள் என்று ஜூன் மாதமே எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை வகுப்பு இருந்தது. கூடத்தின் சுவரை நிமிர்ந்த படமாக வரைந்து காட்ட வேண்டும். இருக்கிற அளவுகளை வைத்து வரைந்தேன். கீழ்ப்பாதியில் எல்லாம் இருந்தது. பிளக் பாயிண்ட், சன்னலின் அடி, பூட்டு, தாழ்ப்பாள். மேல்பாதி வெறும் தாள். நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லா அளவும் ஒரே இடத்தில் நின்றது. பேராசிரியை பார்த்துவிட்டு, “அளந்தவர் யார்? குழந்தையா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். “என் கணவர். ஆறடி உயரம்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

கணினியை மூடிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரோரமாக நகர்ந்து, குனிந்து ஒரு கையால் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தபடியே மறு கையை எவ்வளவு எட்டுமோ அவ்வளவு மேலே நீட்டினேன். நான் உங்களைவிடக் குட்டை. நாலடி வந்தது. உங்கள் கைக்கு நாலரை வரும். உங்கள் தாள்களில் எந்த அளவும் நாலரை அடியைத் தாண்டவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மூன்றேகால் அடிக் கதவு. தரையில் பள்ளம் இருக்கக் கூடாத காரணம். ஏற முடியாத மாடி. தானாக மூலைக்கு இழுத்துக்கொண்டு போகும் சாய்வு. நடக்கிறவர்களுக்கு அது தெரியாது, நமக்கும் தெரிந்ததில்லை.

உடனே போன் செய்தேன். கேப்டன் எடுத்தார். “சார் கிளாஸ்ல இருக்காரும்மா” என்றார். “எந்த கிளாஸ்?” என்றேன். “உக்காந்துக்கிட்டே எடுக்கற கிளாஸ்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்குப் பொய் வரவில்லை. நான் வருந்தினேன் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை சரியாகச் சொல்லுங்கள்.

பொய் மனுவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். எழுதியிருப்பதைப் பார்க்காதே, எழுதாமல் விட்டதைப் பார் என்பேன். நீங்கள் விட்டதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு மாடியில் ஒரு பெண்ணைக் குடிவைத்தேன்.

என் கணக்கு சரியா? தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும். எப்போது? எப்படி? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

எனக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. இரக்கம் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள். அது இரக்கமும் இல்லை. கோபம் என்றால் நிறைய இருக்கிறது. அதற்குக் கீழே வேறு ஏதோ. பேனாவை மூடிவைத்துவிட்டேன், இப்போதைக்கு.

இப்படிக்கு,
நான்


செப்டம்பர் 15

அன்புள்ள சந்தேகத்துக்கு,

கணக்கு சரி. நூற்றுக்கு நூறு.

போன வருஷம் நடந்தது. பல் டாக்டர் ஒருவர் கற்றுக்கொள்ள வந்தார். தங்கமான மனுஷர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கை உதறும். “நீங்க பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி சார் தைரியம் வரும்?” என்றார். உன் குரல் மாதிரியே இருந்தது. சரி, ஒரு ஆளையாவது நம்பிப் பார்ப்போம் என்று காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டேன். வளைவில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கம் போய் மோதியது. அவருக்கு ஒரு பல்கூட ஆடவில்லை.

உன்னைக் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. பின்னால் யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, அதனால் எழுதினேன். இடுப்புக்குக் கீழே வலது கால் சொன்னதைக் கேட்கும், கவர்ன்மெண்ட் ஆபீஸ் மாதிரி நாலு தடவை கேட்டால் ஒரு தடவை. இடது கால் முழு வேலைநிறுத்தம். சக்கர நாற்காலி பழகிவிட்டது. ரிவர்ஸ் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

யாரும் உனக்குச் சொல்லவில்லை என்று யார்மேலும் வருத்தப்படாதே. நான்தான் ஆள் ஆளாகப் பிடித்து வாயை அடைத்தேன்.

பத்திரம் அனுப்பினது தியாகம் என்று நினைத்துவிடாதே. சினிமாவில் இருமிக்கொண்டே கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. அவ்வளவு நல்ல மனசும் எனக்குக் கிடையாது. எப்படியும் ஒருநாள் உன் காதுக்கு எட்டும், எட்டினால் பெட்டியோடு வந்து நிற்பாய் என்று தெரியும். நாம் பிரிந்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். திரும்பி வருவதற்கு மட்டும் இப்படி ஒரு காரணம் இருந்தால் எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான். அது எட்டுவதற்குள் கையெழுத்து வாங்கிவிட நினைத்தேன்.

பள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் பலகைமேலேயே ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் இடுக்கில் மாட்டித் தலைகுப்புற விழுந்தேன். நீ விழுந்த அதே இடம். அப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டோம். “மொத்தமா கான்கிரீட் போட்டு நெரப்பிடலாம் சார், நிரந்தரமா இருக்கும்” என்றார். நிரந்தரம் என்றதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வேண்டாம் என்றேன். உள்ளே வெறும் மணல்தான். அதன்மேல் தார்ப்பாய் விரித்து, மேலாக மட்டும் சிமெண்ட். உடைத்து எடுத்தால் கீழே பள்ளம் அப்படியே இருக்கும். பலகைகளை வரிசை மாறாமல் எண் போட்டுக் கார் ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். அப்போது உன் படிப்பும் தெரியாது, பாடமும் தெரியாது. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. என் கால்மேல் நம்பிக்கையா, வேறு எதன்மேலாவதா என்று எனக்கே பிடிபடவில்லை.

எண்ணைச் சாக்பீஸில்தான் போட்டேன். மை படவில்லை.

கேப்டன் உன்னை மன்னித்துவிட்டாள். “பாவம், அம்மா படிச்சவங்க, அப்படித்தான் யோசிப்பாங்க” என்றாள்.

பத்திரம் மறக்காதே.

உன்
டிரைவர்


நவம்பர் 3

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதி அழித்தேன். நீங்கள் சொன்ன அந்தக் காரணத்தை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான்.

அறிக்கையின் முதல் பகுதியை அனுப்பிவிட்டேன். மணல், தார்ப்பாய், சிமெண்ட் எல்லாவற்றையும் குறுக்குவெட்டாக வரைந்து, பலகைகள் கார் ஷெட்டில் இருப்பதையும் எழுதினேன். என்ஜினியர் இந்தத் தடவை குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. “இதைச் செய்தவர் எங்கே படித்தார்?” என்று மட்டும் கேட்டார். டிரைவிங் ஸ்கூலில் என்றேன்.

முக்கியமான காலம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். தொடக்க வருடத்தை எழுதிவிட்டேன். முடிந்த வருடம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்க மறுக்கிறது. எக்ஸ்சேஞ்ச் மூடிய வருடத்தைப் போட்டேன், எடுத்தேன். நான் கிளம்பி வந்த வருடத்தைப் போட்டேன்; அது அபத்தம். கதவை அகலமாக்கிய வருடத்தையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பேராசிரியையிடமே கேட்டேன். “உனக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. தெரிந்த மாதிரி எழுதுவதற்குத்தான் நான் மதிப்பெண் குறைப்பேன்” என்றார். தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எந்தத் தாளிலும் அந்தச் சொல்லை எழுதியதில்லை.

இரண்டாம் பகுதிக்கு நாலரை அடிக்கு மேலே உள்ள அளவுகள் வேண்டும். கேப்டனைக் கேட்கலாம், ஏணி வைத்து ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். கேட்கப் போவதில்லை. இது குடும்ப விஷயம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தணிக்கை முடிகிறது. நான் வந்து அளந்துகொள்கிறேன். வர ஒரு காரணம் இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்றீர்கள். நான் வருவதற்குக் காரணம் அளவுதான். நம்பினால் நம்புங்கள். கீழே உள்ளதை நீங்கள் அளந்தாகிவிட்டது, அதில் நான் தலையிடவில்லை. மேலே நிறைய இருக்கிறது. சன்னல்களின் மேல் விளிம்பு, காற்றுப்போக்கிகள், உத்தரங்கள், அப்புறம் மாடி முழுவதும். எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியவில்லை. இதையும் தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பென்சிலால்.

நான் வந்து சேர்வதற்குள் அதன்மேல் பேனாவால் எழுதச் சொல்லி அனுப்பினால் எழுதித் தருகிறேன். வேண்டாம் என்றால் உறையின் அடியில் ஒரு ரப்பர் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திருந்தாலும் சரி. பென்சில் நாள்பட இருக்கும்.

ஏணியை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்தேகம்

பி.கு.: நான் வருகிறேன் என்று தூசி தட்டிவைக்க வேண்டாம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.